ரத்தத்தின் மஞ்சள் பாதி

பிளாஸ்மா மஞ்சள் நிறம் என்று பாடப் புத்தகத்தில் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எங்கள் ரத்த வங்கி மேசைக்கு அது ஒரே மஞ்சளாக வந்ததே கிடையாது. சென்ட்ரிஃபியூஜில் சுற்றி எடுத்த பையை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தால், அடியில் சிவப்பணுக்கள் கருஞ்சிவப்பாகப் படிந்திருக்கும். மேலே தெளிந்து நிற்பது பிளாஸ்மா. பெரும்பாலும் வைக்கோல் நிறம்தான். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண் கொடுத்த பையில் அது இளம்பச்சை காட்டும். செம்பைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் என்ற புரதம் அந்த மாத்திரையால் கூடும். அதனால் வரும் பச்சை, கெடுதல் ஒன்றும் இல்லை. பப்பாளியும் கேரட்டும் நிறையச் சாப்பிடுகிறவரின் பிளாஸ்மாவில் ஆரஞ்சுச் சாயல் இருக்கும். பிலிருபின் கூடியவருடையது அடர்மஞ்சள். அதைப் பார்த்ததும் தனியே எடுத்து வைத்துவிடுவோம். சிவந்து கலங்கியிருந்தால், சிவப்பணுக்கள் உடைந்திருக்கின்றன என்று அர்த்தம்.

இவற்றையெல்லாம் விட எனக்கு மனம் வலிப்பது வெள்ளையாக வரும் பைதான். கல்யாண மண்டபத்தில் ரத்ததான முகாம். ஏற்பாடு செய்த இளைஞர்கள் ஆசை ஆசையாக வந்தவர்களுக்கெல்லாம் முதலிலேயே பிரியாணி போட்டுவிடுவார்கள். மாலையில் பைகளைப் பிரிக்கும்போது மேல்பாதி முழுக்கப் பால்போல் வெளுத்து நிற்கும். சாப்பாட்டுக் கொழுப்பு அப்படியே பிளாஸ்மாவில் மிதக்கிறது. அந்தப் பிளாஸ்மாவை நோயாளிக்குக் கொடுக்க மாட்டோம். கலங்கலாக இருப்பதால் சில சோதனைகளும் சரியாக வராது. அதனால் முகாமுக்குத் தேதி குறிக்க வருகிறவர்களிடம் நான் முதலில் பேசுவது சாப்பாட்டைப் பற்றித்தான். "வெறும் வயித்தோட வரக் கூடாது தம்பி. ரெண்டு இட்லி, நிறையத் தண்ணி. பிரியாணியை ரத்தம் கொடுத்த பிறகு போடுங்க." இதைச் சொல்லிச் சொல்லியே எங்கள் பக்கத்து முகாம்களில் வெள்ளைப் பைகள் குறைந்தன.

நான் ஆய்வகத் தொழில்நுட்பம் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தபோது, தென்மாவட்டத்தில் பிளாஸ்மாவைத் தனியாகக் கேட்கிற ஆளே குறைவு. யாருக்கு என்ன குறை என்றாலும் முழு ரத்தம்தான் ஏறும். ரத்தத்தை விற்கிறவர்கள் ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் காத்திருந்த காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. 1996இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின்படி, 1998 ஜனவரி 1 முதல் காசுக்கு ரத்தம் கொடுப்பதும் வாங்குவதும் நாடு முழுக்க நின்றது. அதற்குப் பிறகுதான் கொடையாளர் கொடுக்கும் ஒவ்வொரு பையையும் பிரித்துப் பலருக்குக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் எங்களைப் போன்ற சிறிய வங்கிகள் வரை வந்து சேர்ந்தது. குளிரூட்டிய சென்ட்ரிஃபியூஜ் வந்து இறங்கிய பின் என் வேலையே மாறிப் போனது.

ஒரு பையில் எடுப்பது 350 மில்லிலிட்டர். 55 கிலோவும் அதற்கு மேலும் எடை உள்ளவரிடம் 450 வரை எடுக்கலாம். அந்தப் பையோடு குழாய்களால் இணைந்த துணைப் பைகள் இருக்கும். எதிரெதிர்க் கிண்ணங்களில் எடை ஒரே அளவாக நிற்கும்படி ரப்பர் துண்டுகள் வைத்துச் சமன் செய்து, முதலில் மெதுவாக ஒரு சுற்று. தட்டணுக்கள் மிதக்கும் பிளாஸ்மா மேலே பிரியும். அதைத் துணைப் பைக்குத் தள்ளிவிட்டு வேகமாக இன்னொரு சுற்று. தட்டணு அடியில் உட்காரும், மேலே நிற்பது தெளிந்த பிளாஸ்மா. சிவப்பணுப் பை 2 முதல் 6 டிகிரியில் குளிர்பெட்டிக்குப் போகும். தட்டணுவுக்குக் குளிர் ஆகாது. 22 டிகிரி அளவில் ஆடிக்கொண்டே இருக்கும் தட்டில் ஐந்து நாள் இருக்கும். பிளாஸ்மா மைனஸ் 30 டிகிரிக்குக் கீழே உறைந்து ஓராண்டு வரை காத்திருக்கும். ஒரே பையிலிருந்து பிரிந்த மூன்றுக்கும் மூன்று தட்பவெப்பம், மூன்று ஆயுள்.

இந்த மூன்றில் நேரத்தோடு பந்தயம் ஓட வைப்பது பிளாஸ்மாதான். அதில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். மீதியில் ஆல்புமின், நோயெதிர்ப்புப் புரதங்கள், ரத்தத்தை உறைய வைக்கும் காரணிகள், உப்புகள். உறைகாரணிகளில் ஐந்தாவதும் எட்டாவதும் வெளியே நெடுநேரம் தாங்காது. ரத்தம் எடுத்த ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் பிரித்து உறைய வைத்தால்தான் அதற்கு எஃப்.எஃப்.பி., அதாவது புதிதாக உறைய வைத்த பிளாஸ்மா, என்ற பெயர். முகாம் முப்பது கிலோமீட்டர் தள்ளி நடந்து, வண்டி வழியில் நின்றுவிட்டால் நேரம் போய்விடும். சிவப்பணு கிடைக்கும், எஃப்.எஃப்.பி. கிடைக்காது. முகாமில் கடைசி ஆள் எழுந்ததும் மேடையில் நன்றியுரை ஆரம்பிக்கும்போது நாங்கள் ஏன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு ஓடுகிறோம் என்று சிலர் வருத்தப்பட்டதுண்டு. காரணம் இதுதான்.

உறைந்த பைகளில் நாங்கள் பழகிக்கொண்ட ஒரு கைவேலை உண்டு. உறைய வைக்கும் முன் பையின் நடுவில் ஒரு ரப்பர் பேண்டை இறுக்கமாக மாட்டுவோம். கல்லாக உறைந்த பிறகு அதை உருவிவிட்டால், அது அழுத்திய இடத்தில் ஒரு பள்ளம் நிற்கும். நள்ளிரவில் கரண்ட் போய், ஜெனரேட்டர் எடுக்காமல், பெட்டிக்குள் பை உருகி மறுபடி உறைந்திருந்தால் அந்தப் பள்ளம் மறைந்துவிடும். வெப்பநிலைப் பதிவுத் தாள் என்ன சொன்னாலும் சரி, காலையில் நான் முதலில் தடவிப் பார்ப்பது அந்தப் பள்ளத்தைத்தான். பள்ளம் இல்லாத பை என் மேசையைத் தாண்டிப் போகாது. உறைந்த பையைக் கையாளுவதும் தனிப் பழக்கம். அந்தக் குளிரில் பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். மேசை விளிம்பில் லேசாக இடித்தாலே கீறல் விடும். அந்தக் கீறல் உருக்கும்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

உருக்குவது வார்டிலிருந்து வரும் உறவினர்களின் பொறுமையைச் சோதிக்கும் வேலை. பையை இன்னொரு உறையில் போட்டு, 37 டிகிரியைத் தாண்டாத நீர்த்தொட்டியில் வைத்தால் இருபது முப்பது நிமிடம் ஆகும். ஒருமுறை பலசரக்குக் கடைக்காரர் ஒருவர், மனைவிக்குப் பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்கவில்லை என்று ஓடி வந்தவர், தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"யம்மா, சுடுதண்ணியில போட்டா ரெண்டு நிமிசத்துல கரைஞ்சிருமே. ஏன் இம்புட்டு நேரம்?"

"அண்ணாச்சி, இதுக்குள்ள இருக்கிறது பூரா புரதம். சூடு ஏறிட்டா முட்டை வெந்த கதைதான். பிறகு ரத்தத்தை நிறுத்துற சத்து அதுல இருக்காது. இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துக்கிடுங்க."

அவர் அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. கேட்பவர்களுக்குக் காரணத்தைச் சொல்லிவிட வேண்டும் என்பதை நான் இந்த வேலையில் வழக்கமாக வைத்திருக்கிறேன். காரணம் தெரிந்தவர் காத்திருப்பார்.

ரத்த வகையிலும் பிளாஸ்மா தலைகீழ்க் கணக்கு. ஓ வகைச் சிவப்பணுவை அவசரத்துக்கு யாருக்கும் கொடுக்கலாம் என்று இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஓ வகைப் பிளாஸ்மாவோ ஓ வகைக்காரருக்கு மட்டும்தான். ஏ, பி இரண்டுக்கும் எதிரான புரதங்கள் அதில் இருக்கின்றன. எல்லோருக்கும் ஏற்றது ஏபி பிளாஸ்மா. "எங்க குரூப்பை யாரும் தேடி வர்றதில்லை" என்று ஏபி வகைக்காரர்கள் முகாமில் குறைப்பட்டுக்கொள்வார்கள். வகை தெரியாத விபத்து நோயாளிக்கு முதலில் நாங்கள் பெட்டியில் தேடும் பிளாஸ்மா உங்களுடையதுதான் என்று சொன்னால் அவர்கள் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும். பல பிரசவங்கள் கண்ட பெண்களின் பிளாஸ்மாவில் சில சமயம் வெள்ளணுக்களுக்கு எதிரான புரதங்கள் உருவாகியிருக்கும். ஏற்றிக்கொள்பவரின் நுரையீரலை அது தாக்கக்கூடும். அதனாலேயே பிரிட்டன் போன்ற நாடுகள் ஏற்றுவதற்கான பிளாஸ்மாவுக்குப் பெரும்பாலும் ஆண் கொடையாளர்களையே நம்புகின்றன.

ரத்த வங்கிக்கு வெளியே, அடுத்த அறையில் இருக்கும் ஆய்வகத்திலும் பிளாஸ்மா இல்லாமல் ஒரு நாள் ஓடாது. சர்க்கரை பார்க்க வருகிறவர்கள் ஊசியையும் முடிவுத்தாளையும் மட்டும் பார்ப்பார்கள். அவர்களிடம் எடுக்கும் ரத்தம் சாம்பல் நிற மூடி போட்ட குழாய்க்குப் போகும். அதில் ஃபுளோரைடு உப்பு இருக்கிறது. அது இல்லையென்றால் குழாய்க்குள்ளும் ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். பிறகு சுற்றிப் பிரித்து, பிளாஸ்மாவில் இருக்கும் குளுக்கோஸைத்தான் அளக்கிறோம். அதே சர்க்கரையை முழு ரத்தத்தில் அளந்தால் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைத்துக் காட்டும், ஏனென்றால் அணுக்களுக்குள் தண்ணீர் குறைவு. பழைய வீட்டு மீட்டர்கள் முழு ரத்தக் கணக்கில் சொல்லும். ஆய்வகம் பிளாஸ்மாக் கணக்கில் சொல்லும். "வீட்டுல 120, இங்க 135. எது பொய்?" என்று சண்டைக்கு வந்தவர்களுக்கு இதைப் பொறுமையாக விளக்கியிருக்கிறேன். இப்போதுள்ள மீட்டர்கள் தாமே பிளாஸ்மாக் கணக்குக்கு மாற்றிக் காட்டுவதால் அந்தச் சண்டை குறைந்துவிட்டது. சிவப்பு மூடிக் குழாயில் உறையாமல் தடுக்கும் மருந்து எதுவும் இருக்காது. ரத்தம் உறைந்த பிறகு மிஞ்சும் நீர் சீரம். உறைவதற்கான ஃபைப்ரினோஜன் அதில் செலவாகிவிட்டது. பிளாஸ்மாவில் அது இன்னும் இருக்கிறது.

மருத்துவமனைக்குள் இன்னொரு பிளாஸ்மாவும் உண்டு. அறுவைக் கருவிகளைச் சுத்திகரிக்கும் பிரிவில் இருக்கும் ஒரு பெட்டி அது. லேப்ராஸ்கோப் கேமராவையும் ஒளி இழைகளையும் நீராவியில் வேக வைக்க முடியாது. வெற்றிடமாக்கிய அறைக்குள் ஹைட்ரஜன் பெராக்சைடை ஆவியாக்கி விட்டு, அதன்மேல் மின்புலத்தைச் செலுத்தினால் அந்த ஆவி பிளாஸ்மா நிலைக்குப் போகும். கிருமிகள் செத்து, கடைசியில் மிஞ்சுவது தண்ணீரும் ஆக்சிஜனும். வெப்பம் 55 டிகிரியைத் தாண்டாது. பருத்தித் துணியும் காகிதமும் உள்ளே போகக் கூடாது. அவை பெராக்சைடை உறிஞ்சிக்கொள்ளும். அந்தப் பிரிவிலிருந்து "பிளாஸ்மா லோடு முடிஞ்சிருச்சு" என்று ஃபோன் வந்தபோது, எங்களிடம் பயிற்சிக்கு வந்திருந்த மாணவி எஃப்.எஃப்.பி. பைகளை எடுக்க எழுந்துவிட்டாள். அன்று மதியம் அவளைக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் பெட்டியைக் காட்டினேன்.

அவளுக்கு நான் சொன்னதை இங்கும் சொல்கிறேன். வாயுவின் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிரிந்து, மின்னேற்றம் பெற்ற துகள்களின் கூட்டமாக அது மாறினால் அதுவே இயற்பியலின் பிளாஸ்மா. மின்னலும் சூரியனும் நட்சத்திரங்களும் அந்த நிலையில்தான் இருக்கின்றன. அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் இருந்த இர்விங் லாங்மியூர் 1928இல் அதற்கு அந்தப் பெயரை வைத்தார். எலெக்ட்ரான்களையும் அயனிகளையும் அது சுமக்கிற விதம், ரத்தத்தின் நீர் அணுக்களைச் சுமப்பதை அவருக்கு நினைவூட்டியது என்று உடன் வேலை செய்தவர் பிற்பாடு எழுதியிருக்கிறார். அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே, 1920இல், எவ்வளவு வெப்பத்தில் எவ்வளவு அணுக்கள் அயனியாகும் என்பதற்கு மேகநாத் சாஹா சமன்பாடு கொடுத்துவிட்டார். நட்சத்திரங்களின் வெப்பத்தை அவற்றின் ஒளியிலிருந்து படிக்க அது வழி திறந்தது. கோவைப் பட்டறைகளில் இரும்புத் தகட்டை வெட்டும் ஒளிக்கீற்றும், ஒருகாலத்தில் சுவரில் மாட்டிய கனமான தொலைக்காட்சியும், காந்திநகரில் ஆராய்ச்சிக்காக ஓடும் ஆதித்யா உலையும் இந்த இனம்தான். நான் பையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்த பழைய டியூப் லைட்டுக்குள் இருந்ததும் பாதரச ஆவியின் பிளாஸ்மா. அந்த மாணவி இரண்டையும் அதன் பிறகு குழப்பிக்கொண்டதில்லை.

எனக்குத் தீராத ஆதங்கம் ஒன்று உண்டு. உறைந்த பிளாஸ்மாவைச் சத்துத் தண்ணீராக நினைத்து எழுதுகிற பழக்கம். உடம்பு வீங்கி ஆல்புமின் குறைந்தவருக்கும், களைத்துப்போன முதியவருக்கும், ரத்தப்போக்கே இல்லாத நோயாளிக்கும் "இரண்டு எஃப்.எஃப்.பி." என்று சீட்டு வரும். ஆல்புமினைத் தூக்க அந்தப் பையில் போதுமான ஆல்புமின் இல்லை. ஒவ்வாமையும், நுரையீரலில் நீர் கோப்பதும் நேரக்கூடும். நான் மருத்துவர் இல்லை. சீட்டை மறுக்க எனக்கு அதிகாரம் கிடையாது. ஆனால் உறைவுச் சோதனை முடிவு இணைக்கப்படாத சீட்டு வந்தால் எங்கள் ரத்த வங்கி மருத்துவ அலுவலரிடம் கொண்டுபோய்க் காட்டுவேன். அவர் வார்டுக்கு ஃபோன் போடுவார். பாதிச் சீட்டுகள் அங்கேயே நின்றுபோகும். அறுவை சிகிச்சைக்கு நான்கு பை உருக்கச் சொல்லிவிட்டு, அறுவையைத் தள்ளிப்போட்டு, அதை எங்களிடம் சொல்லாமல் விட்ட நாட்களும் உண்டு. உருக்கிய பை குளிர்பெட்டியில் 24 மணி நேரம்தான். அதற்குப் பிறகு மஞ்சள் நிறக் கழிவு உறையில் போட்டு எரிக்க அனுப்ப வேண்டும். நான்கு பேர் படுத்துக் கை நீட்டிக் கொடுத்தது.

எங்கே அது உண்மையான மருந்து என்பதைப் பார்த்துவிட்டால் இந்த ஆதங்கம் யாருக்கும் வரும். டி.டி.பி. என்று மருத்துவர்கள் சுருக்கிச் சொல்லும் அரிய நோய். ரத்தம் தேவையில்லாமல் உறைவதைத் தடுக்க உதவும் ஒரு நொதிக்கு எதிராக உடம்பே புரதம் உண்டாக்கிவிடும். நுண்ணிய குழாய்களெல்லாம் தட்டணுக் கட்டிகளால் அடைபடும். தட்டணு எண்ணிக்கை சரியும். ஆள் திடீரெனக் குழம்பிப் பேசுவார். முன்காலத்தில் பத்தில் ஒன்பது பேர் இறந்த நோய். அந்தக் கெட்ட புரதத்தோடு நோயாளியின் பிளாஸ்மாவை இயந்திரம் மூலம் எடுத்துவிட்டு, ஆரோக்கியமானவர்களின் பிளாஸ்மாவால் நிரப்பும் முறை வந்த பிறகு பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். ஒரு இளம் பெண்ணுக்கு அப்படிச் செய்ய வேண்டி வந்தபோது, நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு பைகள் கேட்டார்கள். பக்கத்து மாவட்ட வங்கிகளுக்கெல்லாம் ஃபோன் போட்டு, ஐஸ் பெட்டிகளில் பஸ்ஸிலேயே வரவழைத்தோம். முதல் சில நாட்கள் தட்டணு எண்ணிக்கை அசையவில்லை. பிறகு ஏறத் தொடங்கியது. தட்டணுவைத் தனியாக ஏற்றாமலே, பிளாஸ்மா மட்டும் கொடுத்து அது ஏறுவதை நான் ஒவ்வொரு காலையும் எண்ணிப் பார்த்திருக்கிறேன். எலிப்பசையின் மஞ்சள் பாஸ்பரஸ் உடம்பில் போய்க் கல்லீரல் கெட்டு வருகிறவர்களுக்கும் பிளாஸ்மா மாற்றும் முறையை இப்போது தமிழ்நாட்டில் கையாளுகிறார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இதில் நிறைய உழைத்திருக்கிறார்கள்.

பாம்புக்கடி எங்கள் பக்கத்தில் அறுவடைக் காலத்து வேலை. கண்ணாடி விரியன் கடித்தால் அதன் விஷம் ஐந்தாம், பத்தாம் உறைகாரணிகளைத் தூண்டிவிட்டு, உறைவதற்கான பொருள் முழுவதையும் செலவாக்கிவிடும். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். சுத்தமான கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தத்தை அசைக்காமல் 20 நிமிடம் வைத்துச் சாய்த்தால், உறையாமல் வழிந்தால் விஷம் வேலை செய்கிறது. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலும் செய்யக்கூடிய இந்தச் சோதனையின் மேல் எனக்குப் பெரிய மரியாதை. உடனே பிளாஸ்மா ஏற்றலாமே என்று தோன்றும். விஷம் உள்ளே இருக்கும்வரை ஏற்றும் காரணிகளையும் அது தின்றுவிடும். முதலில் விஷமுறிவு மருந்து, பிறகுதான் மற்றது.

அந்த மருந்தும் பிளாஸ்மாதான், குதிரையினுடையது. மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்குகிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் விஷத்தையும் எடுத்துவிட்டுப் பாம்பைத் திரும்பக் காட்டில் விட்டுவிடுவார்கள். அந்த விஷத்தைச் சிறுகச் சிறுகக் குதிரைக்குச் செலுத்தினால் அதன் பிளாஸ்மாவில் எதிர்ப்புரதம் சேரும். குதிரையின் ரத்தத்தை எடுத்து, பிளாஸ்மாவைப் பிரித்து, சிவப்பணுக்களைக் குதிரைக்கே திருப்பி ஏற்றி, பிளாஸ்மாவிலிருந்து மருந்து செய்கிறார்கள். இருளர் சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது எங்கள் வங்கியில் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். நாங்கள் ஆஸ்பத்திரியில் நின்று செய்கிற வேலையின் முதல் கை அவர்களுடையது.

டெங்குக் காலத்தில் ஊரே தட்டணு எண்ணிக்கையைப் பேசும். "எத்தனை ஆயிரம் இருக்கு?" என்பதுதான் உறவினர்களின் முதல் கேள்வி. உயிரை அதிகம் பறிப்பது வேறு: ரத்தக்குழாய்களின் சுவர் தளர்ந்து, பிளாஸ்மா வெளியே கசிந்து, நெஞ்சிலும் வயிற்றிலும் நீராகச் சேர்வது. காய்ச்சல் விடும் சமயத்தில்தான் அது நடக்கும். வீட்டுக்காரர்கள் தேறிவிட்டதென்று நிம்மதியாக இருக்கும் நேரம். நீர் வெளியேறுவதால் குழாய்க்குள் மிஞ்சும் ரத்தம் கெட்டியாகும். ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைச் சொல்லும் ஹெமாட்டோகிரிட் 20 சதவீதம் ஏறினால் அது கசிவின் அடையாளம். அதற்கு மருத்துவம் அளந்து கொடுக்கும் உப்புநீர். பிளாஸ்மாப் பை கேட்டு ஓடி வருகிறவர்களிடம் நான் அந்த ஹெமாட்டோகிரிட் எண்ணைத்தான் முதலில் கேட்பேன்.

கொரோனாவில் பிளாஸ்மா என்ற சொல் தெருத்தெருவாகப் பரவியது. நோயிலிருந்து மீண்டவரின் பிளாஸ்மாவைக் கொடுத்தால் நோயாளி பிழைப்பார் என்ற நம்பிக்கை. அதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வேர் உண்டு. 1890இல் பெரிங்கும் கிடாசாடோவும் தொண்டை அடைப்பான், ரணஜன்னி இரண்டுக்கும் இந்த வழியைக் காட்டினார்கள். 2020 ஜூலையில் சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் பிளாஸ்மா வங்கி திறந்தார்கள். இரவு இரண்டு மணிக்கும் எனக்கு ஃபோன் வரும். தெரியாத குரல்கள், ரத்த வகையைச் சொல்லிவிட்டு அழும். அதே நேரத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, பிளாஸ்மா கொடுத்தும் கொடுக்காமலும் பார்த்தது. நோய் முற்றுவதையோ இறப்பையோ பிளாஸ்மா குறைக்கவில்லை என்று முடிவு வந்தது. 2021 மே மாதம் தேசிய சிகிச்சை நெறிமுறையிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். பலருக்கு ஏமாற்றம். எனக்கு அந்த ஆய்வின் மேல் மதிப்பு கூடியது. பிணங்கள் வரிசையில் காத்திருந்த நாட்களில், ஆசையை நம்பாமல் எண்ணிப் பார்த்தவர்கள் நம் பொது மருத்துவமனைகளில் இருந்தார்கள். பிளாஸ்மா கொடுக்க முன்வந்தவர்களின் நல்ல மனதுக்கு இந்த முடிவால் எந்தக் குறையும் இல்லை என்று எங்கள் கொடையாளர்களிடம் சொன்னேன்.

ஹீமோஃபீலியா உள்ள பையன்களை நினைக்காமல் இந்த வேலையைப் பற்றி எழுத முடியாது. எட்டாம் காரணி குறைவாகப் பிறந்தவர்கள். லேசாக விழுந்தாலும் முழங்காலுக்குள் ரத்தம் கட்டி வீங்கும். 1960களின் நடுவில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஜூடித் கிரஹாம் பூல், உறைந்த பிளாஸ்மாவைக் குளிரிலேயே மெதுவாக உருக்கினால் அடியில் தங்கும் வெண்படிவில் எட்டாம் காரணி குவிந்திருக்கிறது என்று கண்டார். அதே முறையில்தான் நாங்களும் செய்தோம். இரவு பையைக் குளிர்பெட்டிக்கு மாற்றி வைத்தால் காலையில் வெள்ளைச் செதில்கள் தெரியும். சுற்றி, மேலுள்ளதை எடுத்துவிட்டு, இருபது மில்லியோடு மறுபடி உறைய வைப்போம். கிரையோ என்று அதற்குப் பெயர். நொண்டிக்கொண்டு வந்த பையன் மறுநாள் காலை நீட்டி மடக்குவான். பிறகு ஆலைகளில் செய்த காரணித் தூள் வந்தது. பல்லாயிரம் பேரின் பிளாஸ்மாவைச் சேர்த்துச் செய்ததால் 1980களில் மேலைநாடுகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்கு ஹெச்.ஐ.வி. தொற்றியது. வைரஸைச் செயலிழக்கச் செய்யும் முறைகள் அந்தத் துயரத்துக்குப் பிறகு கட்டாயமாயின. இன்று நம் அரசு மருத்துவமனைகளில் அந்தக் காரணி இலவசமாகக் கிடைக்கிறது.

அந்த ஆலைகளுக்குத்தான் எங்கள் உபரிப் பிளாஸ்மாவும் போகிறது. எங்களிடம் சிவப்பணுவுக்கு இருக்கும் கிராக்கி பிளாஸ்மாவுக்கு இல்லை. சீட்டுகளைச் சரியாகப் பார்த்து நிறுத்தினால் உபரி இன்னும் கூடும். 2014இல் வந்த தேசியப் பிளாஸ்மாக் கொள்கை, இதை வீணாக்காமல் ஆலைக்குக் கொடுக்க வழி செய்தது. லிட்டருக்கு 1,600 ரூபாய் என்று மாற்றுமதிப்பும் வைத்தார்கள். போருக்காக ஹார்வர்டில் எட்வின் கோன் 1940களில் வகுத்த குளிர்ந்த ஆல்கஹால் முறையில் இன்றும் ஆல்புமினையும் இம்யூனோகுளோபுலினையும் பிரிக்கிறார்கள். ஒரு தொகுதி இம்யூனோகுளோபுலினுக்கு ஆயிரம் கொடையாளர்களுக்குக் குறையாமல் வேண்டும். குளிர்வண்டி வரும் நாளில் பை எண்களைப் பட்டியலோடு ஒத்துப் பார்த்து ஏற்றுவோம்.

போன முகாமில், கல்லூரிப் பையன் ஒருவன் கையில் பஞ்சை அழுத்திக்கொண்டே கேட்டான்.

"அக்கா, சிவப்பை எனக்கே திருப்பிக் கொடுத்துட்டு மஞ்சளை மட்டும் எடுத்துக்க முடியுமா?"

முடியும் என்றேன். இயந்திரத்தில் ரத்தம் சுற்றி, பிளாஸ்மா மட்டும் பைக்குப் போய், மற்றதெல்லாம் உடம்புக்குத் திரும்பும். போன நீர் ஓரிரு நாளில் ஊறிவிடும். முழு ரத்தம் என்றால் ஆண்கள் 90 நாளும் பெண்கள் 120 நாளும் காத்திருக்க வேண்டும். இதற்கு அவ்வளவு இடைவெளி தேவையில்லை. ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்பவர் 1,173 முறை கொடுத்தார். ஆர்ஹெச் நெகட்டிவ் தாய்மார்களின் குழந்தைகளைக் காக்கும் ஆன்டி-டி மருந்து அவருடைய பிளாஸ்மாவிலிருந்து போனது. 81 வயதில்தான் நிறுத்தினார். எங்கள் வங்கியில் அந்த இயந்திரம் இல்லை, பக்கத்து மருத்துவக் கல்லூரியில் இருக்கிறது என்றும் சொன்னேன். அவனுடைய வகை ஏபி. பிஸ்கட் பாக்கெட்டை மேசையில் வைத்துவிட்டு, அங்கே யாரைப் பார்க்க வேண்டும், எந்தக் கிழமை போகலாம் என்று கேட்டு ஃபோனில் குறித்துக்கொண்டான்.